விரல்களால் அறிந்த கல்வி

இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது மிக அரிதாக இருந்த காலத்தில், 1896ஆம் ஆண்டு உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அறிவு வளராதவர் என ஒதுக்கப்பட்ட சிறுவர் சிலர் உரோம் நகரக் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தவழ்ந்தனர். காவல் செய்த பெண் அதனைப் பேராசை என்று இகழ்ந்தார். மாண்டிசோரி அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்து ஆராய அங்கு ஒரு பொருளும் இல்லை. அச்சிறுவர் துணுக்குகளைத் தேடியது உண்பதற்காக அன்று, தொட்டு உருட்டிப் பார்ப்பதற்காக என்று உணர்ந்தார். இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைக் கற்று, கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி தரும் கருவிகளை உருவாக்கத் தொடங்கினார்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கிருந்த கருவிகளுள் ஒன்று பத்துக் கனசதுரக் கட்டைகளைக் கொண்டது. எல்லாவற்றிற்கும் நிறம் ஒன்றே, வடிவமும் ஒன்றே. மிகப் பெரியதன் பக்கம் 10 செ.மீ.; மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ. அளவைத் தவிர வேறு வேறுபாடு இல்லாமையால், குழந்தையின் கவனம் அளவிலேயே நின்றது. கோபுரமாக அடுக்கும்போது ஒரு கட்டை இடம் மாறினால் கண்ணே அப்பிழையைக் காட்டிவிடும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. குலுக்கி ஓசை கேட்டு இணை சேர்க்கும் பெட்டிகளும் இருந்தன. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய குழந்தைகள், எவரும் எதிர்பாராத வேளையில் தாமே எழுதத் தொடங்கினர்.

1939ஆம் ஆண்டு இறுதியில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். சில திங்களில் திரும்புவதாக எண்ணி வந்தவருக்கு அது வாய்க்கவில்லை. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசுக்கு அவர் பகைநாட்டவர் ஆனார். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரோ அடையாற்று வளாகத்தைவிட்டு வெளியேறலாகாது என்று ஆணை பிறந்தது. மொழி தெரியாத நாட்டில், முதுமையில், மகனைப் பிரிந்திருந்தார். அவருடைய எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி அரசப் பிரதிநிதி மரியோவை விடுவித்தார்.

பின்னர்க் கொடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகளில் அவர் கருத்து மிக இளங்குழந்தைகளின்பால் திரும்பியது. எவரும் பாடம் நடத்தாமலேயே மழலைகள் தம்மைச் சூழ்ந்த மொழியை முழுவதுமாக ஈர்த்துக்கொள்கின்றனர் என்று அவர் விளக்கினார். இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து எழுந்த அவருடைய நூல் 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது.

மழலையின் செவிக்கூர்மையைப் பிற்கால ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்தனர். 1984இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று வியப்பூட்டுவது. இந்தியின் 'த', 'ட' ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் பிரித்துணர்ந்தனர்; ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் பெரிதும் குறைந்தது. தம் வீட்டில் கேளாத வேறுபாட்டைச் செவி கைவிட்டுவிடுகிறது. தில்லி கிட்வாய் நகரில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு அந்த இழப்பு இல்லை. 'த', 'ட' இரண்டும் இருமொழியிலும் உண்டு. ஆனால் 'ழ' தெருவில் கிடைக்காது. அதனைத் தருபவர் வீட்டில் தமிழ் பேசும் தாயும் தந்தையும் பாட்டியுமே.

அம்மையார் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.