ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயிலா?

நம் ஹாஸ்டலில் ரிசல்ட் வரும் நாளன்று யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. ஐன்ஸ்டைனே கணக்கில் ஃபெயில் ஆனவர்தான், நமக்கு ஒரு அரியர் விழுந்தால் என்ன என்று. கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் ஃபெயில் ஆனது கணக்கில் இல்லை. இந்த மலரைப் படிக்கும் இன்றைய மாணவர்களுக்காகவும், பிளஸ் டூ பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டிருக்கும் நம் சீனியர்களுக்காகவும் அந்தக் கதையைக் கொஞ்சம் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

1879 மார்ச் 14 அன்று ஜெர்மனியில் உல்ம் நகரில் பிறந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அடுத்த வருஷமே குடும்பம் ம்யூனிக்குக் குடிபோயிற்று. அப்பா ஹெர்மனும் சித்தப்பா யாக்கோபும் சேர்ந்து அங்கே டைனமோ, மின்சார மீட்டர், ஆர்க் விளக்கு செய்யும் கம்பெனி நடத்தினார்கள். நம்ம பாஷையில் சொன்னால் ட்ரிபிள்-ஈ குடும்பம். சித்தப்பா எஞ்சினியர். பையனுக்கு அல்ஜீப்ராவை விளையாட்டுப் போலச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

இன்னொருவரும் உண்டு. நம் ஊரில் ஏழை மாணவர்கள் வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தார்கள் அல்லவா, அதே மாதிரி மாக்ஸ் டால்முட் என்ற மருத்துவ மாணவர் வியாழக்கிழமைதோறும் ஐன்ஸ்டைன் வீட்டுக்குச் சாப்பிட வருவார். பையனுக்கு அப்போது பத்து வயது. சாப்பாட்டுக்குக் கைம்மாறாக விஞ்ஞானப் புத்தகங்களைக் கொண்டுவந்து தருவார். 12 வயதில் கையில் கிடைத்த ஒரு ஜியோமிதிப் புத்தகத்தைப் பையன் பள்ளியில் பாடம் நடத்தும் முன்பே தானாகப் போட்டு முடித்தான். கொஞ்ச நாளில் கணக்கில் அவனோடு ஈடுகொடுக்க முடியாமல் டால்முட் தத்துவத்துக்குத் தாவிவிட்டார். 15 வயதுக்குள் டிஃபரன்ஷியல், இன்டெக்ரல் கால்குலஸ் இரண்டும் கைவசம். நாம் முதல் வருஷத்தில் எம்-1 பேப்பரில் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா?

பள்ளிக்கூடம்தான் ஒத்துவரவில்லை. மார்க் மோசமில்லை, மனப்பாடமும் ராணுவக் கெடுபிடியும் பிடிக்கவில்லை. 1894-ல் கம்பெனி நொடித்து, குடும்பம் இத்தாலிக்குப் போனது. படிப்பை முடிக்கட்டும் என்று பையனை மட்டும் ம்யூனிக்கில் விட்டுப் போனார்கள். அவன் அந்த டிசம்பரிலேயே ஒரு டாக்டர் சர்டிஃபிகேட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, பள்ளியைப் பாதியில் விட்டு, இத்தாலியில் போய் நின்றான். கையில் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடையாது.

சான்றிதழ் இல்லாமலே நுழைவுத் தேர்வு எழுதிச் சேரக்கூடிய ஓர் இடம் இருந்தது: ஜூரிச் பாலிடெக்னிக். பெயரைப் பார்த்து நம் ஊர் டிப்ளமா பாலிடெக்னிக் என்று நினைத்துவிடாதீர்கள், இன்று ஈ.டி.ஹெச். என்று உலகமே சொல்கிற நிறுவனம் அது. 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. குடும்ப நண்பர் ஒருவர் சொல்லி, பதினாறரை வயதுக்காரனுக்கு விலக்குக் கிடைத்தது. இத்தாலியிலேயே தனியாக உட்கார்ந்து தயார் செய்துகொண்டான்.

1895 அக்டோபரில் தேர்வு. கணக்கும் பௌதிகமும் பிரமாதம். மொழி முதலான பொதுப் பாடங்கள் காலை வாரிவிட்டன. ஃபெயில்.

பௌதிகப் பேராசிரியர் ஹைன்ரிஷ் வேபர், ஜூரிச்சில் தங்குவதானால் தன் வகுப்பில் வந்து உட்காரலாம் என்று அழைத்தார். முதல்வர் ஆல்பின் ஹெர்ட்ஸோக் வேறு வழி சொன்னார்: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வா. மேதை என்று விதியைத் தளர்த்தவும் இல்லை, பையனைக் கைவிடவும் இல்லை. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் இவர்தான். கோச்சிங் சென்டருக்குப் போ என்று சொல்லவில்லையே!

அப்படிப் போன ஊர் ஆராவ். ஜூரிச்சுக்கு மேற்கே, ரயிலில் கொஞ்ச நேரம். அங்கே பள்ளியாசிரியர் யோஸ்ட் வின்டெலரின் வீட்டில் சாப்பாடும் தங்கலும். ஏழு பிள்ளைகள் இருந்த வீடு, இவன் எட்டாவது. பிற்பாடு ஐன்ஸ்டைனின் தங்கை மாயா அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனார். பள்ளியில் மனப்பாடத்தைவிட, கண்ணால் பார்த்து மனசில் உருவகித்துப் புரிந்துகொள்வதற்கு மதிப்பு. நல்ல பௌதிக ஆய்வுக்கூடமும் இருந்தது. ஒளி அலைக்குப் பின்னாலேயே அதே வேகத்தில் ஓடினால் அந்த அலை எப்படித் தெரியும் என்ற கேள்வி அந்த ஒரு வருஷத்தில்தான் அவன் மனசில் விழுந்தது. விடை வர 1905 ஆயிற்று.

1896 செப்டம்பரில் பள்ளி இறுதித் தேர்வு. அல்ஜீப்ரா, ஜியோமிதி, பௌதிகம், சரித்திரம் எல்லாவற்றிலும் 6. பிரெஞ்சில் 3. ஸ்விஸ் பள்ளியில் 6 என்றால் முதல் தரம். ஜெர்மனியில் 1 முதல் தரம். இந்தக் குழப்பமும் புரளிக்கு உரமாகியிருக்கலாம். 1935-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகைப் பத்தியில் அவர் கணக்கில் தோற்றவர் என்றே அச்சாகி, அதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். கணக்கில் தான் தோற்றதே இல்லை என்று அவரே மறுத்தார். யார் கேட்டார்கள்?

1896 அக்டோபரில் நுழைவுத் தேர்வு இல்லாமலே பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அங்கே போயும் வகுப்புகளை மட்டம் போட்டு, நண்பன் மார்செல் கிராஸ்மனின் நோட்ஸை வைத்துத் தேர்வு எழுதியது, 1900-ல் பட்டம் வாங்கியும் வேபர் வேலை தராதது, கிராஸ்மனின் அப்பா தயவில் 1902-ல் பேட்டன்ட் ஆபீஸ் உத்தியோகம், இதெல்லாம் தனிக்கதை. நோட்ஸ் கடன் கொடுத்த நண்பர்களுக்கு இந்த மலரில் தனியாக ஒரு பக்கமே ஒதுக்கலாம்!

1955-ல் அந்தக் கல்லூரிக்கு நூறு வயது. நூற்றாண்டையொட்டி வந்த சிறப்பிதழுக்கு, பிரின்ஸ்டனில் இருந்த 76 வயது பழைய மாணவர் மார்ச் மாதத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதித் தந்தார். நுழைவுத் தேர்வில் தன்னைத் தோற்கடித்தது முழுக்க நியாயம் என்று அதில் ஒப்புக்கொண்டார். ஆராவ் பள்ளியின் சுதந்திரத்தையும் பந்தா இல்லாத ஆசிரியர்களையும் நன்றியோடு நினைத்தார். கிராஸ்மனையும் மறக்கவில்லை. ஏப்ரல் 18 அன்று காலமானார்.