யோசேப் வாஸ் அடிகளார்

சமயம் அரசின் நிழலில் வாழ்வதா, அன்றித் தன் வலிமையில் நிற்பதா என்பது நெடுங்கால வினா. உரோமப் பேரரசால் ஒறுக்கப்பட்ட கிறித்தவம், கொன்சுதந்தீன் மன்னனால் 313இல் உரிமை பெற்று, தியோடோசியு மன்னனின் ஆணையால் 380இல் அரச சமயமாயிற்று. அன்று பிணைந்த அவ்வுறவு, பின்னாளில் போர்த்துக்கீசரின் கப்பலேறி நம் இலங்கைக்கும் வந்தது. அதன் பயனை நாம் அறிதற்கு ஏற்றது யோசேப் வாஸ் அடிகளாரின் வரலாறு.

அடிகளார் 1651ஆம் ஆண்டு கோவாவிலுள்ள பெனோலிமில், கிறித்தவந் தழுவிய கொங்கணி அந்தணர் குடியிற் பிறந்தார். கீழ்நாடுகளுக்கு ஆயரை நியமிக்கும் உரிமை தனதே எனப் போர்த்துக்கல் முடியரசு வாதிட்டது. பாப்பரசரோ நேரே தம் ஆயரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினார். இப்பூசலிடையே 1681இல் கோவாத் திருச்சபையின் சார்பில் அங்குச் சென்ற அடிகளார், பிளவுண்ட மக்களை இணக்குவதற்கே உழைத்தார்.

இலங்கையில் நிலைமை இன்னுங் கொடிது. பறங்கியரின் வாள்வலியால் எழுந்த கோயில்கள், 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததும் ஒல்லாந்தர் கைப்பட்டன. கத்தோலிக்க குருமாருக்கு அடைக்கலந் தருவோருக்கு மரணதண்டனை என அவர்கள் பறைசாற்றினர். அரசால் வந்த சலுகை அரசோடு போயிற்று.

1687இல் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் புகுந்தார். இரவில் வீடுவீடாகச் சென்று அடியாரைத் தேற்றினார். 1692இல் கண்டி சென்றபோது, ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டனர். படையோ பரிசிலோ இல்லாத அவரது தூய ஒழுக்கத்தைக் கண்டு, பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு உரிமை அளித்தான். 1697இல் வைசூரி பரவி நகரம் வெறிச்சோடியது. அடிகளாரும் அவர்தம் மருகரான யோசேப் கர்வாலோ அடிகளும் நோயாளரை எச்சமயத்தவரென்று பாராது பேணினர். இறந்தோரை அடக்கஞ் செய்தனர். அதன்பின் கண்டியரசில் அவர்தம் பணிக்குத் தடையில்லை. நம் பதுளையும் ஊவா மலைகளும் அந்நாளில் அவ்வரசைச் சேர்ந்தவையே.

தம்மை நாடிவந்த உயர்பதவியையும் ஏலாது, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அவர் கண்டியில் மறைந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிசு கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

இவர் வேறு சமயத்தவராயினும், இந்துக் கல்லூரியில் பயின்ற நாமும் இவரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. கோட்டையை நம்பிய சமயப்பணி கோட்டையோடு சாய்ந்தது; நோயாளியின் பாயருகே அமர்ந்து செய்த பணி நிலைத்தது. நாம் நடத்தும் கோயிலுக்கும் பள்ளிக்கும் எவ்வலிமையைத் தேடுகின்றோம் என்பதை நாமே வினவிக்கொள்வோமாக.