ஓசியில் கிடைத்த சைக்காலஜி புத்தகம்... ராதாகிருஷ்ணன் டிகிரி படித்த கதை தெரியுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். எந்த காலேஜ்? எந்த டிகிரி? பி.காம். சீட் கிடைக்குமா? பி.எஸ்சி. சைக்காலஜி எடுத்தால் வேலை கிடைக்குமா? பிள்ளைக்கு ஒரு ஆசை, அப்பாவுக்கு ஒரு கணக்கு, பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரு கருத்து.

சுமார் 120 வருஷத்துக்கு முன்னால் இதே குழப்பத்தில் ஒரு பையன் சென்னையில் நின்றான். எந்தப் பாடத்தை எடுப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் அதை முடிவு செய்தது சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த பழைய புத்தகங்கள். அதில் ஒன்று சைக்காலஜி பாடநூல். அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

ஆசிரியர் தினம் என்றாலே அவர் படம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவர் டிகிரி படித்த கதையும், அதில் சைக்காலஜிக்கு இருந்த பங்கும் பலருக்குத் தெரியாது. விரிவாகப் பார்க்கலாம்.

திருத்தணியில் இருந்து சென்னைக்கு

ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888 செப்டம்பர் 5. ஊர் திருத்தணி. தெலுங்கு பேசும் குடும்பம். அப்பா வீராசாமி வருவாய்த் துறை சார்ந்த சின்ன வேலையில் இருந்தவர். பெரிய வசதி கிடையாது. திருத்தணியில் ஆரம்பப் படிப்பு, அப்புறம் திருப்பதியில் மிஷன் பள்ளி, அடுத்து வேலூரில் ஊரிஸ் கல்லூரி. உதவித்தொகையை நம்பித்தான் படிப்பு நகர்ந்தது. பதின்ம வயதிலேயே சிவகாமுவோடு கல்யாணமும் முடிந்துவிட்டது.

வேலூரில் எஃப்.ஏ. முடித்தார். இன்றைய பிளஸ் டூ மாதிரி அது. அதன்பிறகு பி.ஏ. படிக்க சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார்.

இங்கேதான் அந்தக் கேள்வி வந்தது. கணிதமா, அறிவியலா, வரலாறா, தத்துவமா? எதையாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். அந்த வருஷம் அதே கல்லூரியில் பட்டம் முடித்த உறவினர் ஒருவர், தான் படித்து முடித்த புத்தகங்களை இவரிடம் கொடுத்தார். தர்க்கவியலுக்கு வெல்டன் எழுதிய நூல், அறவியலுக்கு மெக்கன்சி எழுதிய நூல், சைக்காலஜிக்கு ஜி.எஃப்.ஸ்டவுட் எழுதிய பாடநூல். மூன்றுமே தத்துவப் பாடப்பிரிவுக்கான புத்தகங்கள்.

புத்தகச் செலவு மிச்சம். அவ்வளவுதான், தத்துவம் என்று முடிவாகிவிட்டது.

தத்துவம் எடுத்தவருக்கு சைக்காலஜி எதுக்கு?

இன்றைக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். இப்போது இரண்டும் தனித்தனி டிகிரி. அன்றைக்கு அப்படி இல்லை. சைக்காலஜி என்பது தத்துவம் படிப்பவர்கள் எழுத வேண்டிய ஒரு பேப்பர். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களைப் பார்த்து அமைத்த பாடத்திட்டம் அது. மனம் எப்படி ஒன்றைக் கவனிக்கிறது, புலன்கள் வழியாக எப்படி அறிகிறது, எப்படி நினைவில் வைக்கிறது என்பதையெல்லாம் தத்துவப் பேராசிரியர்தான் நடத்துவார். சோதனைக்கூடம் கிடையாது. புள்ளியியல் கிடையாது. தன் மனதைத் தானே கவனித்து அலசுவதுதான் முக்கியமான முறை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879-ல் உளவியலுக்கென்று ஒரு சோதனைக்கூடத்தை அமைத்துவிட்டார். ஆனால் அந்த மாற்றம் இந்தியக் கல்லூரிகளுக்கு வந்துசேர இன்னும் நாள் இருந்தது. ராதாகிருஷ்ணன் படித்தபோது தமிழில் இதை மனோதத்துவம் என்றுதான் சொல்வார்கள். பெயரிலேயே தத்துவம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் படித்தது தாம்பரத்திலா?

கிறிஸ்தவக் கல்லூரி என்றதும் நம் கண்முன் வருவது தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் அந்தக் காடும், மான்களும், பழைய விடுதிகளும்தான். அதனால் ராதாகிருஷ்ணனும் அங்கேதான் படித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

1837-ல் தொடங்கிய இந்தக் கல்லூரி, அவர் படித்த காலத்தில் ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. நெரிசல் அதிகமானதால் ஊருக்கு வெளியே இடம் தேடினார்கள். சேலையூர் காட்டுப் பகுதியில் 350 ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. நூற்றாண்டு நிறைவான 1937-ல் கல்லூரி தாம்பரத்துக்கு மாறியது. ராதாகிருஷ்ணன் எம்.ஏ. முடித்து அப்போது 29 வருஷம் ஆகியிருந்தது.

ஆனாலும் தாம்பரத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருக்குத் தத்துவம் நடத்திய பேராசிரியர் ஏ.ஜி.ஹாக்தான், கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அதன் முதல்வர்.

வகுப்பில் கிளம்பிய கோபம்

ஹாக், வில்லியம் ஸ்கின்னர் போன்ற பேராசிரியர்கள் ஸ்காட்லாந்து மரபில் வந்த மிஷனரிகள். பாடத்தை நன்றாக நடத்துவார்கள். கூடவே இந்து மதச் சிந்தனையின் மீது கடுமையான விமர்சனமும் வரும். உலகமே மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் அறநெறிக்கு என்ன இடம் என்பது அவர்கள் தரப்புக் கேள்வி.

இது அந்த மாணவனை உறுத்தியது. சின்ன வயதில் இருந்து வீட்டில் பார்த்து வளர்ந்த நம்பிக்கை, வகுப்பில் கேள்விக்குள்ளாகிறது. எழுந்து சண்டை போடவில்லை. ஒதுங்கியும் போகவில்லை. எம்.ஏ. பட்டத்துக்கான ஆய்வுக்கட்டுரையை அந்தத் தலைப்பிலேயே எழுதினார். வேதாந்தத்தின் அறநெறி பற்றிய அந்தக் கட்டுரை 1908-ல் அச்சிலும் வந்தது. அப்போது அவருக்கு வயது 20.

தன் ஆசிரியர்களின் கருத்தை மறுத்து எழுதிவிட்டு அவர்களிடமே மார்க் வாங்க வேண்டிய நிலை. ஹாக் என்ன சொல்வாரோ என்ற பயம் இருந்தது. ஆனால் ஹாக் அந்த மாணவனின் தத்துவ அறிவையும் ஆங்கில நடையையும் பாராட்டிச் சான்று கொடுத்தார். மறுத்து எழுதியவன் என்பதற்காக மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. மாணவனுக்கு இருந்த தைரியத்துக்குச் சமமானது ஆசிரியரிடம் இருந்த அந்தப் பெருந்தன்மை.

சைதாப்பேட்டையில் நடந்த திருப்பம்

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அரசுக் கல்விப் பணியில் இருப்பவர்கள் ஆசிரியர் பயிற்சி முடித்தாக வேண்டும். அதனால் 1910-ல் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போகிறவர்களுக்குத் தெரிந்த அதே சைதாப்பேட்டைதான். அந்தக் கல்லூரி இப்போதும் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனமாக அங்கே செயல்படுகிறது.

ஏற்கெனவே எம்.ஏ. முடித்து, கல்லூரியில் பாடமும் நடத்தியவர் மறுபடியும் மாணவராக பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே உளவியலும் ஒரு பாடம். இவருக்கு இருக்கும் அறிவைப் பார்த்த ஆசிரியர், வகுப்பில் உட்கார்ந்து கேட்பதற்குப் பதிலாக சக மாணவர்களுக்கு நீயே பாடம் நடத்து என்று விட்டுவிட்டார். ஸ்டவுட் புத்தகத்தை ஓசியில் வாங்கிப் படித்த பையன், சில வருஷங்களிலேயே அதே பாடத்தை மற்றவர்களுக்கு நடத்தினார்.

அந்த விரிவுரைகள் பின்னர் புத்தகமாகின. உளவியலின் அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லும் அந்த ஆங்கில நூலை 1912-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. எம்.ஏ. ஆய்வுக்கட்டுரைக்கு அடுத்து அவர் பெயரில் வந்த புத்தகம் இதுதான். இந்தியத் தத்துவத்தை உலகத்துக்குச் சொன்னவர் என்று நாம் கொண்டாடும் ஒருவர், அதற்கு முன்பே மாணவர்களுக்காக ஒரு சைக்காலஜி கையேடு எழுதியிருக்கிறார்.

தனி வழி போன சைக்காலஜி

இதற்குள் உளவியல் மெல்ல தத்துவத்தின் வீட்டில் இருந்து தனிக்குடித்தனம் போகத் தொடங்கியது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-ல் உளவியலுக்குத் தனித்துறை வந்தது. என்.என்.சென்குப்தா அதை வழிநடத்தினார். மைசூரில் 1924-ல் எம்.வி.கோபாலசாமி தலைமையில் துறை தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் வந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ராதாகிருஷ்ணன் இந்த மூன்று ஊரிலும் பாடம் நடத்தியவர். சென்னைக்குப் பிறகு 1918-ல் மைசூர் மகாராஜா கல்லூரி. 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகம். மைசூரை விட்டுக் கிளம்பியபோது மாணவர்கள் வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்ற சம்பவம் பிரபலம். ஆனால் புதிதாக முளைத்த உளவியல் துறைகளின் பக்கம் அவர் போகவில்லை. தத்துவத்திலேயே தங்கிவிட்டார். இந்தியத் தத்துவம் பற்றிய அவரது பெரிய நூலின் இரண்டு தொகுதிகள் 1923-லும் 1927-லும் வந்தன.

சர்ச்சையும் வந்தது

புகழோடு ஒரு வழக்கும் வந்தது. 1929-ல் ஜதுநாத் சின்ஹா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டின் பகுதிகள் ராதாகிருஷ்ணனின் நூலில் இருக்கின்றன என்று குற்றம்சாட்டினார். அந்த ஆய்வேட்டின் பொருளும் உளவியல்தான். புலன்வழி அறிவு பற்றி இந்திய மரபு சொல்லும் உளவியல். ராதாகிருஷ்ணன் குற்றச்சாட்டை மறுத்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இரு தரப்பும் மாறி மாறி வழக்குத் தொடுத்தன. கடைசியில் 1933-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது.

அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இதை விட்டுவிடுவது சரியாக இருக்காது. இன்றைக்கு ப்ராஜெக்ட் எழுதும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும்கூட. எங்கிருந்து எடுத்தோம் என்பதை எழுதி வைக்கும் பழக்கம் முதல் வருஷத்திலேயே வர வேண்டும்.

மூன்று வருஷ டிகிரியும் அவரும்

அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், சோவியத் யூனியனுக்கான தூதர். 1952 முதல் 1962 வரை துணைக் குடியரசுத் தலைவர். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். 1954-ல் பாரத ரத்னா. 1962-ல் இருந்து அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினம்.

இடையில் மாணவர்களை நேரடியாகத் தொட்ட ஒரு வேலையும் செய்தார். சுதந்திரத்துக்குப் பின் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948-49-ல் அவர்தான் தலைவர். 12 வருஷப் பள்ளிக் கல்வி, அதன்பின் 3 வருஷ டிகிரி என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

1975 ஏப்ரல் 17-ல் சென்னையில் காலமானார். அவர் வாழ்ந்த மயிலாப்பூர் வீடு இருக்கும் எட்வர்ட் எலியட்ஸ் சாலைக்குத்தான் இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர்.

இன்றைக்கு சைக்காலஜி எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் அவர் படித்த சைக்காலஜி வேறு, இன்றைக்கு இருப்பது வேறு என்று தெரிந்து எடுக்க வேண்டும். இப்போது புள்ளியியல் உண்டு, மூளையும் நரம்பு மண்டலமும் பற்றிய பாடம் உண்டு, சோதனைகள் செய்து ரெக்கார்டு எழுதுவதும் உண்டு. கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே திகைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. மூன்று வருஷ டிகிரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த மேற்படிப்பும், அந்த மன்றத்தில் பதிவும் தேவை. மனநல மருத்துவர் ஆக வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ்.ஸில் இருந்து தொடங்க வேண்டும். பள்ளி, மனிதவளம், சமூகப் பணி, ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கும் முதுநிலைப் படிப்பு கை கொடுக்கும். வீட்டில் பேசும்போது மூன்று வருஷச் செலவை மட்டும் கணக்குப் போடாமல், ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ராதாகிருஷ்ணன் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பாடம் இல்லை அது. கையில் புத்தகம் இருந்தது, எடுத்துக்கொண்டார். ஆனால் எடுத்த பிறகு அதை விடவில்லை. கேள்வி வந்தபோது எழுதிப் பதில் சொன்னார், வாய்ப்பு வந்தபோது பாடம் நடத்தினார், நடத்தியதைப் புத்தகமாக்கினார். எந்தப் பாடம் என்று இன்னும் முடிவுக்கு வராத வீடுகளில் இந்தக் கதையையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அப்படியே, படித்து முடித்த பழைய புத்தகங்கள் அலமாரியில் இருந்தால் அடுத்து படிக்கப்போகும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.