சங்கரதாஸ் சுவாமிகள்

உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடியில், 1867ஆம் ஆண்டு, தாமோதரக் கணக்கப்பிள்ளை என்பாருக்கு மகனாகத் தோன்றியவர் சங்கரன். தந்தையாரிடத்தும் பழனித் தண்டபாணி சுவாமிகளிடத்தும் தமிழ் பயின்று, இளமையிலேயே வெண்பாவும் கலித்துறையும் பாட வல்லவரானார். வயிற்றுப்பாட்டிற்காகச் சிலகாலம் உப்பு மண்டியில் கணக்கெழுதினார். கணக்கேட்டில் மனம் நிற்கவில்லை. தம் 24ஆம் வயதில் அவ்வேலையைத் துறந்து நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். கூத்தாடி என்பது வசைச்சொல்லாய் வழங்கிய காலம் அது. கற்ற புலவர் ஒருவர் அரங்கேறத் துணிந்தமை எளிய செயலன்று.

அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. விடியுமட்டும் நிகழும் நாடகத்தைக் கடைக்கோடியில் இருப்பவனும் கேட்டல் வேண்டும். அதற்கேற்ற குரல் அவருக்கு வாய்த்திருந்தது. இராவணன், இரணியன், கடோற்கசன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களே பெரும்பாலும் அவர்பால் வந்தன. இராவணனும் இரணியனும் செருக்குற்று அழிபவர். அவர் வீழ்ச்சி கண்டு அவையோர் மகிழ்வர். எமனும் சனியும் அத்தகையர் அல்லர். அவர்கள் தம் கடமையைச் செய்பவர். எவர் இல்லத்திற்கும் வரக்கூடியவர். ஆதலின் அவ்வேடங்கள் விளைக்கும் அச்சம் திரை விழுந்த பின்னும் தீர்வதில்லை.

நளதமயந்தி நாடகம் முடிந்த ஒரு விடியற்காலை, சனீசுவர வேடத்தைக் களைய அவர் நீர்நிலைக்குச் சென்றார். நீர் முகக்க வந்த கருவுற்ற பெண்ணொருத்தி, அரையிருளில் அவ்வுருவை எதிரே கண்டு, நெஞ்சதிர்ந்து வீழ்ந்து உயிர்நீத்தாள் என்பர். மற்றொருகால், அவர் எமனாய் முழங்கி அரங்கினுட் புகுந்தபோது, அவையிலிருந்த பெண்ணொருத்தியின் கரு கலைந்ததாம். வேறொருவராயின் இவற்றைத் தம் நடிப்பிற்குக் கிடைத்த சான்றாகச் சொல்லித் திரிந்திருப்பார். சங்கரதாசர் மனம் நொந்தார். வேண்டுமென்று செய்த குற்றம் ஏதுமில்லை. ஆயினும் அன்று முதல் அவ்வேடங்களைப் புனையாது விடுத்தார். சிலகாலம் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார். பின்னர்த் துறவியர் கோலத்தில் தலயாத்திரை சென்றார். சுவாமிகள் என்னும் பெயர் அதனால் வந்தது.

மீண்டு வந்தவர் எழுத்தாணிக்கு ஓய்வளிக்கவில்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என ஏறத்தாழ 40 நாடகங்கள் இயற்றினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். தாம் பூணாது விட்ட எமனை அவர் ஏட்டிலிருந்து விலக்கவில்லை என்பது கருதத்தக்கது. சாவித்திரி எமனோடு வழக்காடி வெல்லும் பகுதியே அந்நாடகத்தின் உயிர்நிலை.

1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதில் நடித்தோர் அனைவரும் சிறுவரே. பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர் எனப் புகழ்பெற்றோர் அங்குப் பயின்றவர்கள். அரங்கை அதிரவைத்த அக்குரல், வாதநோயால் இறுதிக்காலத்தில் அடங்கிற்று. பேச இயலாத நிலையிலும் அவர் தம் சிறுவரை விட்டுப் பிரியவில்லை. குழு புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, 1922 நவம்பர் 13ஆம் நாள் மறைந்தார். அவர் இயற்றிய வள்ளி திருமணம் தென்மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடைபெறுகின்றது.