சராசரிக்குப் பின்னால் பார்த்தவர்

எந்த டேட்டா கையில் கிடைத்தாலும் நாம முதல்ல செய்வது சராசரி, அடுத்து ஸ்டாண்டர்டு டீவியேஷன். ரெண்டு நம்பரை ரெக்கார்டு நோட்ல எழுதிட்டு கிளம்பிடுவோம். அந்த ரெண்டு நம்பருக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்கத் தேடிய ஒருவரின் கதை இது. பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தார். அங்கே பிரசிடென்சி கல்லூரியில் படித்தது இயற்பியல், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இல்லை. மேற்படிப்புக்கு கேம்பிரிட்ஜ் போனார். அதே காலத்தில் நம்ம ராமானுஜனும் அங்கே இருந்தார், இருவரும் நண்பர்கள் ஆனார்கள். 1915-ல் ஊருக்குத் திரும்பும் நேரத்தில் ஒரு ஆசிரியர் பயோமெட்ரிகா என்ற இதழைக் காட்டினார். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை வாங்கி, கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். ஊர் வந்து இயற்பியல் பாடம் நடத்தினாலும், மனசு என்னவோ அந்தப் புத்தகங்களில்தான்.

1926-ல் ஒடிசாவில் பெரிய வெள்ளம். ஆற்றின் அடிமட்டம் உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று இன்ஜினியர்கள் சொன்னார்கள். மகலனோபிஸ் பல பத்தாண்டு வெள்ளப் பதிவுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். அடிமட்டம் உயர்ந்ததற்கான ஆதாரமே அதில் இல்லை. டேட்டாவைப் பார்க்காமல் கட்டியிருந்தால் எவ்வளவு செலவு ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்பம் பிரசிடென்சி கல்லூரியில் அவர் நடத்திய சின்ன லேபரட்டரிதான். 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிர் பரப்பை, எல்லா வயலையும் அளக்காமல் சில இடங்களை மட்டும் அளந்து கணக்கிட்டார். அப்போது ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார்: ஒரே வேலையை ரெண்டு தனித்தனி சாம்பிளாகப் பிரித்து எடுப்பது. ரெண்டு விடையும் எவ்வளவு விலகுகிறதோ, அந்த அளவுக்கு நம்ம கணக்கில் பிழை இருக்கலாம் என்று தெரிந்துவிடும்.

1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு அவருடைய குழு கிராமம் கிராமமாகப் போய், பிழைத்த குடும்பங்கள் என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்தது. நிலத்தை விற்றவர் யார், மாட்டை இழந்தவர் யார் என்பதைச் சராசரி சொல்லாது. ஒருத்தருக்கு மூணு வேளை, இன்னொருத்தருக்கு ஒருவேளை என்றால் சராசரி ரெண்டு வேளை. ஆனா பசி ஒருத்தருக்குத்தான்.

1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. வீடு வீடாகப் போய் செலவுக் கணக்கு கேட்டார்கள். சில ஆண்டுகளில் ஒரு பெரிய கேள்வி வந்தது: ஏழைகளின் வாழ்க்கை முன்னேறுகிறதா? ரூபாயை வைத்து ஒப்பிட முடியாது, ஏனென்றால் விலைவாசி மாறிவிட்டது. அன்றைக்கு மாசம் பத்து ரூபாய் செலவழித்தவரும் இன்றைக்குப் பத்து ரூபாய் செலவழிப்பவரும் ஒரே நிலையில் இல்லை.

மகலனோபிஸ் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. குடும்பங்களைச் செலவின்படி கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்து. வரிசையைச் சமமான பத்து பங்காக வெட்டு. ஒவ்வொரு பங்கும் உணவுக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்று புள்ளி வைத்து, கோட்டால் இணை. அடுத்த சர்வேக்கும் இதையே செய்து, அடிமட்டப் பங்கை அடிமட்டப் பங்கோடு ஒப்பிடு. ரெண்டு சாம்பிளுக்கும் தனித்தனிக் கோடு போட்டால், நடுவில் இருக்கும் பரப்புதான் பிழை. அந்தப் பரப்பைவிட ரெண்டு சர்வேக்கும் உள்ள இடைவெளி நன்றாகப் பெரியதாக இருந்தால்தான் மாற்றம் உண்மை. 1960-ல் எகனாமெட்ரிகா இதழில் இது வெளிவந்தது.

இதன் நெருங்கிய சொந்தம்தான் நாம பைதான்ல போடுற க்யூ-க்யூ ப்ளாட். அதிலும் டேட்டாவை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு மதிப்பையும் நார்மல் பரவலில் அதே இடத்தில் வரவேண்டிய மதிப்புக்கு எதிரே வைக்கிறோம். புள்ளிகள் நேர்கோட்டில் நின்றால் நார்மல் என்று எடுத்துக்கொள்ளலாம். கோட்டின் சாய்வு ஸ்டாண்டர்டு டீவியேஷனைக் காட்டும். வில்லியனூரில் இருந்து அரியூர் வர பஸ்ஸுக்கு நூறு நாள் காத்திருந்த நிமிஷங்களைப் போட்டுப் பாருங்க. பெரும்பாலும் சீக்கிரம் வரும், சில நாள் வரவே வராது. புள்ளிகள் வலது முனையில் மேலே வளைந்து போகும். அந்த வளைவில்தான் நம்ம லேட் அட்டெண்டன்ஸ் இருக்கு, சராசரியில் இல்லை.

மகலனோபிஸின் நிறுவனத்தில் வேலை பார்த்த எஸ்.என். ராய் பின்னால் அமெரிக்கா போய் நார்த் கரோலினாவில் பேராசிரியர் ஆனார். அவரிடம் 1957-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர் சென்னையில் பிறந்த ராமநாதன் ஞானதேசிகன். இவரும் மார்ட்டின் வில்க்கும் பெல் லேப்ஸில் இருந்தபடி, க்யூ-க்யூ ப்ளாட்டை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்த கட்டுரையை 1968-ல் வெளியிட்டார்கள். வந்த இதழ், மகலனோபிஸ் கப்பலில் படித்துக்கொண்டு வந்த அதே பயோமெட்ரிகா.

அந்த ஆண்டுதான் மகலனோபிஸுக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. 1972 ஜூன் 28-ல், 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மறைந்தார். அவருடைய பிறந்தநாளை 2007 முதல் நாடு புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது.

அடுத்த முறை லேப்ல ரீடிங் எடுத்தா, சராசரி போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை வரிசைப்படுத்தி ப்ளாட் போட்டுப் பாருங்க. ஓரத்தில் நிற்கும் புள்ளியை அழிக்கிறதுக்கு முன்னாடி, அது ஏன் அங்கே நிற்குதுன்னு கேளுங்க.