எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்

எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் (டிசம்பர் 18, 1890 – ஜனவரி 31, 1954) ஓர் அமெரிக்க மின்பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பண்பலை என வழங்கும் அகலப்பட்டை அதிர்வெண் பண்பேற்ற வானொலி முறையை உருவாக்கியவர் இவரே. நிலாவில் கால் பதித்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் வேறொருவர்.

வாழ்க்கை

நியூயார்க்கில் பிறந்த இவர் 1913 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, வெற்றிடக் குழாயின் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டுக்கே செலுத்தி, நலிந்த குறிகைகளைப் பன்மடங்கு பெருக்கும் மீளூட்ட மின்சுற்றை அமைத்தார். முதல் உலகப் போரின்போது, 1918 இல் பாரிசில், சூப்பர் ஹெட்டரோடைன் ஏற்பியை உருவாக்கினார். பின்வந்த வானொலிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இம்முறையிலேயே இயங்கின. மீளூட்டச் சுற்றின் உரிமையை மட்டும், நெடிய வழக்கின் முடிவில், 1934 இல் உச்ச நீதிமன்றத்தில் லீ டி பாரஸ்டிடம் இழந்தார். அக்கண்டுபிடிப்புக்காகத் தமக்களிக்கப்பட்ட பதக்கத்தைத் திருப்பித்தர முன்வந்தபோது, வானொலிப் பொறியாளர் கழகம் அதனை ஏற்க மறுத்துவிட்டது.

பண்பலை

அக்கால வானொலி, அலையின் வீச்சில் ஒலியை ஏற்றி அனுப்பியது. மின்னலும் மின்கருவிகளும் எழுப்பும் இரைச்சலும் வீச்சையே மாற்றுவதால், ஏற்பியால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. வீச்சுக்கு மாறாக அதிர்வெண்ணை மாற்றி அனுப்புவதால் பயனில்லை என 1922 இல் ஜான் கார்சன் கணித வழியில் காட்டியிருந்தார். அவர் ஆராய்ந்தது குறுகிய பட்டையை. பட்டையைக் குறுக்கினால்தான் இரைச்சல் குறையும் என்பது பொதுக் கருத்தாக இருக்க, ஆர்ம்ஸ்ட்ராங் அதனை அகலமாக்கினார். அவரது ஏற்பியில் ஒரு சுற்று வீச்சின் ஏற்றத்தாழ்வுகளை வெட்டிவிடும். அடுத்த சுற்று, அதிர்வெண் கணந்தோறும் விலகும் அளவைப் பின்தொடர்ந்து அதனை மின்னழுத்தமாக மாற்றும். விலகல் எவ்வளவு பரந்ததோ அவ்வளவுக்கு இரைச்சல் அடங்கும். எனினும் குறிகை ஓர் எல்லைக்கு மேல் நலிந்தால் இப்பயன் கிட்டாது.

இதற்கான காப்புரிமைகள் 1933 டிசம்பரில் கிடைத்தன. 1934 இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து சோதனை ஒலிபரப்பு நடந்தது. பின்னர் நியூ ஜெர்சியின் ஆல்பைனில் தம் சொந்தச் செலவில் நிலையம் நிறுவினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் தம் காப்புரிமைகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்த இசைந்தார்.

இறுதிக்காலம்

1945 இல் அரசு ஆணையம் பண்பலையை 42–50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைக்கு மாற்றவே, முன்பு விற்ற ஏற்பிகள் பயனற்றுப்போயின. 1948 இல் ஆர்.சி.ஏ நிறுவனத்தின்மீது காப்புரிமை மீறல் வழக்குத் தொடுத்தார். வழக்கு இழுபட, செல்வமும் உடல்நலமும் கரைந்த நிலையில் 1954 இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இவருடைய மனைவி மரியன், மணமாகுமுன் ஆர்.சி.ஏவின் டேவிட் சார்னாஃபிடம் செயலாளராக இருந்தவர். வழக்குகளை அவரே தொடர்ந்து நடத்தினார். ஆர்.சி.ஏ ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் அளித்து இணங்கியது. மோட்டோரோலாவுக்கு எதிரான கடைசி வழக்கு 1967 இல் அவருக்குச் சார்பாக முடிந்தது.