மறதியின் தடம் தேடிய வைத்தியர்

வீட்டில் மூத்தம்மா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், வயது போனால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எல்லா மறதியும் முதுமையின் குறையல்ல, மூளையில் ஏற்படும் ஒரு நோயாகவும் அது இருக்கலாம் என்று காட்டியவர் ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். அந்த நோயை அவருடைய பெயராலேயே இன்று அழைக்கிறோம். ஆனால் நோயை அறிந்த அளவுக்கு அந்த மனிதரை அறிந்தவர்கள் குறைவு.

அல்சைமர் 1864 ஜூன் 14ஆம் திகதி பவேரியாவிலுள்ள மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு நொத்தாரிசு. பேர்லின், டியூபிங்கன், வூர்ஸ்பேர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் கற்று, 1887இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே பிராங்பேர்ட் நகர மனநல வைத்தியசாலையில் பணியில் சேர்ந்தார். நரம்புக் கலங்களுக்குச் சாயமூட்டிப் பார்க்கும் முறையைக் கண்டறிந்த பிரான்ஸ் நிஸ்ல் அங்கே அவருக்கு நண்பராக வாய்த்தார். நோயாளரோடு உட்கார்ந்து பேசுவதும், நுணுக்குக்காட்டியின் முன் உட்கார்ந்து மூளை இழையங்களை ஆராய்வதுமாக அவருடைய நாட்கள் கழிந்தன.

1901ஆம் ஆண்டு அவருக்குத் துயரமான ஆண்டு. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு மனைவி செசிலி காலமானார். அதே ஆண்டு நவம்பர் 25இல் ஆகுஸ்தே டீட்டர் என்ற பெண்மணி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவருக்கு வயது 51 மட்டுமே. புகையிரதத் திணைக்களத்தில் எழுதுநராக இருந்த கணவரால் இனிமேல் வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாத நிலை. அல்சைமர் அந்தப் பெண்ணின் அருகிலிருந்து கேள்விகள் கேட்டார். கிடைத்த பதில்களை அப்படியே குறித்துக்கொண்டார். கணவரின் பெயரைக் கேட்டால் அவர் தன் பெயரையே சொன்னார். தன் பெயரை எழுதச் சொன்னால் திருமதி என்று எழுதியதோடு மிகுதி மறந்துபோயிற்று. இதை முதுமை என்று தள்ளிவிட அல்சைமரின் மனம் ஒப்பவில்லை.

பின்னர் அவர் மியூனிக் நகருக்கு மாற்றலாகிச் சென்றாலும் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8இல் ஆகுஸ்தே இறந்ததும் அவருடைய குறிப்பேடும் மூளையும் அல்சைமரிடம் அனுப்பப்பட்டன. மூளை சுருங்கியிருந்தது. வெள்ளிச் சேர்வையால் சாயமூட்டிப் பார்த்தபோது நரம்புக் கலங்களுக்குள்ளே நூல் சிக்கல் போன்ற இழைகளும், கலங்களுக்கிடையே படிவுகளும் தெரிந்தன. அதே ஆண்டு நவம்பர் 3இல் டியூபிங்கனில் கூடிய மனநல வைத்தியர்கள் முன்னிலையில் இதை எடுத்துரைத்தார். சபையில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் 1910இல் பேராசிரியர் எமில் கிரேப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அங்கே செல்லும் பயணத்திலேயே நோய்வாய்ப்பட்ட அவர், 1915 டிசம்பர் 19இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. ஆகுஸ்தே முதன்முதலில் அவர் முன் வந்து அமர்ந்த அதே வயது. பிராங்பேர்ட்டில் மனைவியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்கு இருந்த பெரிய தடை ஒன்றுதான். நோயாளி உயிரோடிருக்கும்போது அந்த மூளையை அவரால் பார்க்க முடியவில்லை. ஈரல் கடினமாகியிருந்தால் வைத்தியர் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து அறியலாம். மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையை எப்படித் தொட்டுப் பார்ப்பது? 1995இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதற்கு வழி திறக்கும் ஒரு முறையை வெளியிட்டனர். வட்டிலப்பத் தட்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள். நன்றாக இறுகியது ஒருவிதமாகவும் இளக்கமானது வேறு விதமாகவும் நடுங்கும். மூளையை ஆராயும்போது, தலைக்குக் கீழே மென்மையான தலையணை போன்ற கருவியை வைத்து, செக்கனுக்கு ஏறக்குறைய 60 தடவை மெல்ல அதிரச் செய்கிறார்கள். அந்த அலைகள் மூளையினூடாகச் செல்வதை எம்.ஆர்.ஐ. இயந்திரம் படமெடுக்கிறது. விறைப்பான இழையத்தில் அலை வேகமாகச் செல்லும், அலைநீளம் கூடும். மென்மையான இழையத்தில் இரண்டும் குறையும். அதைக்கொண்டு விறைப்பைக் கணிக்கிறார்கள். கத்தியும் இல்லை, நோவும் இல்லை.

அல்சைமர் நோயாளரின் மூளை, அதே வயதுடைய நலமானவர்களின் மூளையைவிட மென்மையாக இருப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூளையைப் பொறுத்தவரை இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இதைமட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. என்றாலும் அல்சைமர் மரணத்தின் பின்னரே காண முடிந்த சிதைவின் அடையாளமொன்றை, நோயாளி வாழும்போதே அறியும் முயற்சி இது.

இந்த முறை வெளியான அதே 1995இன் இறுதியில், பிராங்பேர்ட் வைத்தியசாலையில் காணாமற்போயிருந்த ஆகுஸ்தேயின் நீலநிறக் கோவையும் கண்டெடுக்கப்பட்டது. அல்சைமரின் கையெழுத்து அதில் அப்படியே இருந்தது. கருவிகள் எவ்வளவு முன்னேறினாலும், தொடக்கம் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. ஒரு நோயாளியின் குழம்பிய பேச்சையும் பொறுமையாகக் கேட்ட ஒருவரால்தான் இந்நோய் வெளிச்சத்துக்கு வந்தது.

விஞ்ஞானப் பிரிவில் கற்கும் சகோதரிகளில் ஒருவர் நாளை அந்த அலைகளைப் படிக்கும் ஆய்வாளராகலாம். அதுவரை, இன்று மாலை மூத்தம்மா அதே கேள்வியை மறுபடியும் கேட்டால், சலிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வோம். அந்த மறதி கூடிக்கொண்டே போவதாகத் தெரிந்தால், வயதின் மேல் பழியைப் போடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.